மைனாவைப் பாடம் செய்வது: முதல் பறவைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் கராஜுக்கு வந்து பறவை பாடம் செய்ய, அதாவது செத்த பறவையின் தோலைப் பதப்படுத்தி உயிருள்ளது போல நிறுத்தப் பழகியவர்களில் பெரும்பாலானோர் ஒரே இடத்தில்தான் சறுக்கினார்கள். தோலை உரித்து முடித்த சந்தோஷத்தில், உள்ளே இருந்த உடலைக் குப்பைப் பையில் போட்டு, அன்றைக்கே வெளியே வைத்துவிட்டார்கள். மறுநாள் செயற்கை உடல் செய்ய உட்கார்ந்தால் அளவு எடுக்க எதுவும் இல்லை. கைக்குக் கிடைத்த பஞ்சையெல்லாம் திணித்தார்கள். மைனா நிற்க வேண்டிய கொம்பில் ஒரு குட்டிக் கோழி நின்றது.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசித் தையல் விழும் வரை அந்த உடல் உங்களிடம் இருக்க வேண்டும்.

1. எந்தப் பறவை, யார் அனுமதி

இங்கே தென்னாப்பிரிக்காவின் க்வாசூலு-நடால் மாகாணத்தில் காட்டுப் பறவைகளுக்கான அனுமதி விஷயங்களை எசெம்வெலோ என்ற வனவிலங்கு அமைப்பு பார்க்கிறது. சாலையோரம் அடிபட்டுக் கிடக்கும் ஹடீடாவை (இங்கத்து அரிவாள் மூக்கன் பறவை), 'நான் கொல்லவில்லையே' என்று சொல்லி எடுத்து வந்துவிட முடியாது. செத்த பறவையை வைத்திருப்பதற்கும் அனுமதி தேவைப்படலாம். மைனாவானாலும் தொடங்கும் முன் ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுவிடுங்கள். வேறு மாகாணத்தில் இருப்பவர்கள் அந்த மாகாணத்து அலுவலகத்தைக் கேளுங்கள்.

முதல் பறவையாக மைனாவை நான் சொல்வதற்குக் காரணம் அதன் தோல். இத்தனை சின்னப் பறவைக்கு அது நல்ல உறுதி. கொழுப்பு குறைவு. தலை கழுத்துத் தோலுக்குள் சிரமமில்லாமல் புகுந்து வெளியே வரும். எங்கள் டர்பன் நகரத்தில் அது நிற்காத மின்கம்பி இல்லை என்பதால், உயிரோடு அது எப்படி நிற்கும், எப்படித் தலையைச் சாய்க்கும் என்று நமக்குப் பார்த்துப் பழக்கம். (அதுவும் நம் முன்னோர் போலக் கப்பலேறி வந்ததுதான்.)

பந்தயப் புறா வளர்ப்பவர்கள் தங்கள் செல்லப் புறாவோடு வந்து நிற்பார்கள். அதை முதல் பறவையாக எடுக்காதீர்கள். புறாவின் தோல் ஈரத் தாள் மாதிரி. தொட்டாலே இறகு கொட்டும். வாத்தில் கொழுப்பு அதிகம். இங்கே தாரன்டால் என்று சொல்லும் கினிக்கோழிக்குத் தோல் உறுதிதான். ஆனால் இறகில்லாத தலையும் தாடைச் சதையும் காயும்போது சுருங்கி நிறம் மாறும். அது மூன்றாவது, நான்காவது பறவைக்கான வேலை.

நோய் விஷயத்தில் விளையாட வேண்டாம். 2017-லும் 2023-லும் பறவைக் காய்ச்சல் இந்த நாட்டுக் கோழிப் பண்ணைகளைப் புரட்டிப் போட்டது. ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தாலோ, சாகும் முன் தள்ளாடியதைப் பார்த்திருந்தாலோ தொடவே வேண்டாம். கண்ணாடி ஜன்னலில் மோதி விழுந்தது மாதிரி, செத்த காரணம் தெரிந்த பறவையை மட்டும் எடுங்கள். அப்போதும் கையுறை, மாஸ்க் இரண்டும் வேண்டும்.

2. ஃப்ரீசருக்குப் போகும் முன்

அன்றைக்கே உரிக்க முடியாவிட்டால் உடனே ஃப்ரீசரில் வைக்க வேண்டும். அதற்கு முன் வாயிலும் எச்சத் துவாரத்திலும் கொஞ்சம் பஞ்சு அடைத்துவிடுங்கள். பறவை பிறகு உருகும்போது அந்த வழியாகத்தான் நீர் வடிந்து இறகைக் கறையாக்கும். இறகில் ரத்தம் இருந்தால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள். சுடுநீர் பட்டால் ரத்தம் இறகிலேயே ஒட்டிப்போகும்.

இறக்கையை மூடி, வாலை நேராக வைத்து, ஒரு தாளில் சுருட்டி, காற்று போகும்படி அழுத்தி இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டுங்கள். காற்று இருந்தால் காலும் கண்ணிமையும் ஃப்ரீசருக்குள்ளேயே காய்ந்து விறைத்துவிடும். பையின் மேல் தேதியும் கிடைத்த இடமும் எழுதுங்கள்.

உருகி, உறைந்து, மறுபடி உருகிய பறவை தேறாது. 2023-ல் லோட் ஷெட்டிங் (முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது) உச்சத்தில் இருந்தபோது என் ஃப்ரீசரில் இருந்த இரண்டு பறவைகள் அப்படித்தான் போயின. இன்னொன்று: புரட்டாசி மாதம் வீட்டு ஃப்ரீசரில் இடம் கேட்காதீர்கள். என் ஆயா அதற்குப் பதில் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. கராஜில் ஒரு பழைய சின்ன ஃப்ரீசர் இருந்தால் குடும்பத்தில் நிம்மதி.

3. மேசையில் என்னென்ன

பறவை உருகுவதற்கு முன்பே எல்லாம் மேசைக்கு வந்துவிட வேண்டும். உரிக்க ஆரம்பித்த பிறகு நீங்கள் கம்பி தேடிக்கொண்டிருந்தால், தோலின் ஓரங்கள் காய்ந்து முறுகிவிடும்.

புது பிளேடு போட்ட ஸ்கால்பெல், கூர்மையான சின்னக் கத்தரி, ட்வீசர், ஊசி நூல், குண்டூசி. துத்தநாகம் பூசிய கம்பி இரண்டு தடிமனில்: காலுக்கும் கழுத்துக்கும் 1.2 மில்லிமீட்டர், இறக்கைக்கு அதைவிட மெல்லியது. கம்பி வெட்டும் குறடு, கம்பி முனையைத் தீட்ட ஒரு அரம். உடல் கட்டுவதற்கு மர நார், அதாவது பரிசுக் கூடைகளில் பொருள் உடையாமல் இருக்கப் பரப்பி வைப்பார்களே, அந்த மெல்லிய மரச்சீவல். பஞ்சு, பருத்தி நூல், களிமண், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு, ஹேர் டிரையர், போராக்ஸ் (பெரியவர்கள் வெண்காரம் என்பார்கள்). கசியும் ஈரத்தை உறிஞ்ச மீலி மீல் (மக்காச்சோள மாவு) ஒரு கிண்ணம். கண்ணாடிக் கண்களை மட்டும் முன்கூட்டியே ஆர்டர் செய்து வாங்க வேண்டியிருக்கும். அளவு சந்தேகமாக இருந்தால் அடுத்தடுத்த இரண்டு அளவுகளில் வாங்குங்கள்.

போராக்ஸ் வயிற்றுக்குள் போகக் கூடாது. தூசியாக மூச்சிலும் போகக் கூடாது. இந்த வேலைக்கு எடுத்த கிண்ணமோ கத்தியோ திரும்பச் சமையலறைக்குப் போகவே கூடாது.

4. உருக்குவது, சோதிப்பது, படம் எடுப்பது

ஃப்ரீசரிலிருந்து எடுத்து இரவு முழுவதும் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வயிற்றுப் பக்கம் அழுக ஆரம்பித்துவிடும், நெஞ்சின் நடுப்பகுதி இன்னும் பனிக்கட்டியாகவே இருக்கும்.

உருகியதும் வயிற்றிலும் கண்ணைச் சுற்றியும் இரண்டு மூன்று இறகுகளை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால், அல்லது வயிறு பச்சை நிறமாகி இருந்தால், அந்தப் பறவையை விட்டுவிடுங்கள். தோல் அழுகத் தொடங்கிவிட்டது. எந்த மருந்தும் இறகைத் திரும்பப் பிடித்து வைக்காது.

சரி, பறவை நன்றாக இருக்கிறது. உடனே கத்தியை எடுக்காதீர்கள். அலகு, கால், கண்ணருகே இருக்கும் மஞ்சள் தோல் இவற்றைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். இந்த மஞ்சள் எல்லாம் காய்ந்ததும் மங்கிப்போகும். பிறகு வண்ணம் பூசும்போது உங்கள் ஞாபகம் உங்களை ஏமாற்றும்.

5. உரிப்பது

பறவையை மல்லாக்கப் படுக்கவையுங்கள். நெஞ்செலும்பின் மேட்டில் இறகுகளை இரண்டு பக்கமும் ஊதி விலக்கினால் நடுவில் இறகில்லாத ஒரு கோடு தெரியும். அங்கே, நெஞ்செலும்பின் பாதியிலிருந்து எச்சத் துவாரத்துக்குக் கொஞ்சம் முன் வரை, தோலை மட்டும் கீறுங்கள். வயிற்றுக்கு மேலே வரும்போது கத்தியின் கனமே போதும், அழுத்த வேண்டாம். அழுத்தினால் குடல் கிழியும், அந்த நீர் வெள்ளை இறகில் ஏறும்.

இதற்குப் பிறகு கத்திக்கு அதிக வேலை இல்லை. தோலை இழுக்காதீர்கள்; உடலைத் தோலிலிருந்து விரலால் தள்ளுங்கள். எல்லாம் ஒன்றுதானே என்று தோன்றும், ஆனால் இழுத்த தோல் நீண்டுவிடும். நீண்ட தோலுக்குள் சரியான உடலை வைத்தாலும் பறவை தொளதொளவென்று இருக்கும். ஈரம் தெரியும் இடத்திலெல்லாம் மீலி மீல் தூவிக்கொண்டே போங்கள்.

கால்: பக்கவாட்டில் தோலை விலக்கி, முழங்காலை உள்ளே தள்ளுங்கள். அந்த மூட்டில் வெட்டுங்கள். தொடை எலும்பு உடலோடு போகும். கீழே உள்ள எலும்பு, கோழியில் நாம் 'டிரம்ஸ்டிக்' என்று கடிப்போமே அது, தோலோடு இருக்கும். அதிலுள்ள சதையைச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

வால்: முதல் முறை செய்பவர்கள் நிறைய பேர் இங்கே அழுதிருக்கிறார்கள். வால் இறகுகளின் வேர்கள் முதுகெலும்பின் கடைசித் துண்டில்தான் ஊன்றியிருக்கின்றன. தோலுக்கு மிக அருகில் வெட்டினால் வேர்கள் அறுந்து வால் தனித்தனி இறகாகக் கொட்டும். அந்தக் கடைசித் துண்டைத் தோலோடு விட்டு, அதற்கு உள்பக்கம் வெட்டுங்கள். வாலின் மேல்புறம் உள்ள எண்ணெய்ப் பையைப் பிறகு மறக்காமல் எடுத்துவிடுங்கள். விட்டால் மாதக்கணக்கில் எண்ணெய் கசியும்.

முதுகுத் தோல் மெல்லியது. வால் பிரிந்ததும் உடலைத் தொங்கவிடாதீர்கள், கையில் ஏந்திக்கொண்டே சட்டையைக் கழற்றுவது போல உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். தோள்மூட்டில் இறக்கைகளை வெட்டுங்கள், மேல்கை எலும்பு தோலோடு இருக்கட்டும். இறக்கையின் நடுப்பகுதியில் இரண்டு எலும்புகளுக்கு இடையே உள்ள சதையை, இறக்கையின் அடிப்பக்கம் ஒரு சின்னக் கீறல் போட்டு எடுங்கள். அங்கே எலும்பில் ஊன்றியிருக்கும் இறகுகளைப் பிரித்துவிட்டால் மறுபடி வரிசையாக அடுக்குவது பெரும்பாடு.

கழுத்தைத் தாண்டி மண்டைக்கு வரும்போது வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். காதுத் தோல் ஒரு சின்னப் பை போல மண்டைக்குள் போயிருக்கும். அதை ட்வீசரால் வேரோடு கிள்ளி வெளியே எடுக்க வேண்டும், வெட்டக் கூடாது. கண்ணுக்கு வந்ததும் கண்ணாடி போன்ற மெல்லிய சவ்வு தெரியும். அதை மட்டும் அறுங்கள். ஒரு மயிரிழை அந்தப் பக்கம் போனால் கண்ணிமை, இந்தப் பக்கம் போனால் கண்விழி. இமை கிழிந்தால் கடைசி வரை அது தெரியும்.

அலகின் அடியில் நிறுத்துங்கள். கழுத்தை மண்டையிலிருந்து வெட்டி, மண்டையின் பின்பகுதியை எடுத்து, அதன் வழியாக மூளையை வழித்துவிடுங்கள். கண்கள், நாக்கு, தாடைச் சதை எல்லாம் போகட்டும். அலகும் மண்டையோட்டின் மேல்பகுதியும் தோலோடு இருக்கும்.

6. உடலைக் காகிதத்தில் பிடித்துவைப்பது

இப்போது கையில் தோல் ஒன்று, உடல் ஒன்று. தோலை ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு உடலுக்கு வாருங்கள்.

அதை ஒரு அட்டையில் பக்கவாட்டில் படுக்கவைத்துச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு மல்லாக்க வைத்து இன்னொரு கோடு. நெஞ்சின் மிக அகலமான இடத்தில் ஒரு நூலைச் சுற்றி, அந்த நூலை அட்டையில் ஒட்டிவிடுங்கள். கழுத்து எங்கே புறப்படுகிறது, தோள் எங்கே, முழங்கால் எங்கே என்று புள்ளி வையுங்கள். வெட்டிய கழுத்தையும் தனியாக அளந்துகொள்ளுங்கள். முழங்கால் புள்ளி ரொம்ப முக்கியம், காரணம் பதினோராவது படியில் வரும்.

படம் வரைந்தாயிற்றே என்று உடலைத் தூக்கிப் போடாதீர்கள். பையில் கட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள். உருண்டையாக இருப்பதைத் தட்டையான அட்டை முழுதாகச் சொல்லாது.

7. கொழுப்பு, குளியல், உலர்த்தல்

தோலின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சதைத் துணுக்கு, மஞ்சள் கொழுப்பு எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள். மைனாவில் கொஞ்சம்தான் இருக்கும். ஆனால் அந்தக் கொஞ்சம் பிறகு எண்ணெயாக உருகி நெஞ்சு இறகை மஞ்சளாக்கிவிடும்.

பிறகு வெதுவெதுப்பான நீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். பறவைத் தோலைத் தண்ணீரில் போடவே பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம், தண்ணீரில் நனைவது பறவைக்குப் புதிதல்ல. நீர் தெளிவாக வரும் வரை அலசுங்கள். சோப்பு மிச்சம் இருந்தால் தூவி (மேல் இறகுக்கு அடியில் இருக்கும் மென்மையான குட்டி இறகு) ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

டவலில் சுற்றி அழுத்தி நீரை எடுங்கள், முறுக்காதீர்கள். பிறகு ஹேர் டிரையர், குளிர்ந்த காற்றில். இறகு படுத்திருக்கும் திசைக்கு எதிராக ஊதி, விரலால் கோதிக்கொண்டே இருங்கள். மேல் இறகு காய்ந்து பளபளப்பாகத் தெரிந்ததும் எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். அப்போது அடியில் இருக்கும் தூவி இன்னும் ஈரத் திரியாகத்தான் இருக்கும். அது பஞ்சு மாதிரி எழும்பும் வரை ஊதுங்கள். இப்போது எழும்பாத தூவி பிறகு எழும்பாது. மைனாவுக்கு எனக்கே முக்கால் மணி நேரம் ஆகிறது. சூடான காற்று வைத்தால் நேரம் மிச்சமாகும், ஆனால் தோல் சுருங்கும்.

இறகு காய வேண்டும், தோல் காயக் கூடாது. உள்பக்கம் காய்வது தெரிந்தால் ஈரப் பஞ்சால் ஒற்றிக்கொடுங்கள்.

8. போராக்ஸ்

தோலின் உள்பக்கம் முழுவதும், மண்டைக்குள், கால் எலும்பு, இறக்கைக் கீறல், வால் வேர் என்று ஒரு இடமும் விடாமல் போராக்ஸைத் தேய்த்துவிடுங்கள். இது மாட்டுத்தோல் பதனிடுவது போல அல்ல. ஈரத்தை இழுத்துக்கொண்டு, பூச்சி தின்ன வராமல் தடுக்கும், அவ்வளவுதான். எங்கே தேய்க்க மறந்தீர்களோ, அந்த இடத்தைப் பூச்சி கண்டுபிடித்துவிடும்.

அந்தக் காலத்தில் இதற்கு ஆர்சனிக் என்ற விஷம் கலந்த சோப்பு பயன்படுத்தினார்கள். ஏலத்திலோ தாத்தா வீட்டிலோ பழைய பாடம் செய்த பறவை கிடைத்தால், பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள்.

9. செயற்கை உடல்

மர நாரை லேசாக நனைத்து உருட்டி, பருத்தி நூலால் இறுக்கிச் சுற்றிக்கொண்டே வாருங்கள். இப்போது ஃப்ரிட்ஜில் இருக்கும் உடலை வெளியே எடுத்து ஒரு கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் நார் உருண்டையை வைத்து, கண்ணை மூடித் தடவிப் பாருங்கள். கை சொல்லும் வித்தியாசத்தைக் கண் சொல்லாது. எங்கே மேடு அதிகமோ அங்கே நூலை இறுக்குங்கள், எங்கே பள்ளமோ நார் சேருங்கள்.

அசல் உடலைவிட ஒரு துளி சிறியதாக இருக்கட்டும். சிறியதாக இருந்தால் பஞ்சு வைத்துச் சரிசெய்யலாம். பெரியதாக இருந்தால் தையல் மூடாது. மூடினாலும் இறகுக்கு இடையே தோல் தெரியும். கட்டை விரலால் அழுத்தினால் அமுங்காத அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். கம்பிகளைத் தாங்கப் போவது இதுதான்.

கழுத்துக்குக் கம்பியில் பஞ்சைச் சுற்றுங்கள், அசல் கழுத்தைவிட மெல்லியதாக. பறவையின் கழுத்து உள்ளே வளைந்து மடங்கி இருக்கும், இறகு அதை மறைத்துவிடும். அதை நேராக நீட்டிவிட்டால் மைனா கழுகாகிவிடும்.

10. தலையும் கண்ணும்

கண்குழியில் களிமண் வைத்து, அதில் கண்ணாடிக் கண்ணைப் பதியுங்கள். எடுத்த தாடைச் சதைக்குப் பதிலாகவும் கொஞ்சம் களிமண். மூக்குக்கு நேராகவும் மேலேயிருந்தும் பார்த்து இரண்டு கண்ணும் ஒரே ஆழத்தில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். கண் அதிகம் வெளியே துருத்தினால் பயந்த பறவை, அதிகம் உள்ளே போனால் செத்த பறவை. பிறகு தலைத் தோலை மண்டையின் மேல் மெதுவாகத் திருப்பிப் போடுங்கள். சிக்கினால் தோலை நனைத்துக்கொள்ளுங்கள், பலம் காட்டாதீர்கள்.

11. கம்பி, பூட்டுதல், தையல்

கால் கம்பியின் முனையைத் தீட்டி, உள்ளங்காலிலிருந்து காலின் பின்பக்கமாக மேலே ஏற்றுங்கள். எலும்போடு சேர்த்துப் பஞ்சு சுற்றிச் சதையைத் திரும்பக் கொடுங்கள். பாதத்துக்குக் கீழே ஐந்து, ஆறு சென்டிமீட்டர் கம்பி மிச்சம் இருக்கட்டும், கொம்பில் நிறுத்துவதற்கு.

கழுத்துக் கம்பியை மண்டைக்குள் ஊன்றி, உடலை உள்ளே வைத்து, பிறகு கால் கம்பிகளை உடலில் ஏற்ற வேண்டும். எங்கே ஏற்றுவது? அட்டையில் முழங்கால் என்று புள்ளி வைத்த இடத்தில். தொடை எலும்பை நாம் எடுத்துவிட்டோம். மிச்சமிருக்கும் கால் முழங்காலில்தான் தொடங்குகிறது. இடுப்பு இருந்த இடத்தில் ஏற்றினால் கால் வால் பக்கம் போய்விடும், பறவை முகம் குப்புற விழப் பார்க்கும். வெளியே 'பின்பக்கம் மடங்கிய முழங்கால்' மாதிரித் தெரிவது உண்மையில் கணுக்கால். முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கும். கம்பி மறுபக்கம் வெளியே வந்ததும் முனையை வளைத்துத் திரும்ப உடலுக்குள் குத்துங்கள், அப்போதுதான் ஆடாது.

இறக்கைக் கம்பி தோள் புள்ளியில். வாலுக்கு அடியில் ஒரு கம்பி.

தையலை நெஞ்சுப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஊசி தோலின் உள்ளிருந்து வெளியே வர வேண்டும். வெளியிருந்து குத்தினால் ஒவ்வொரு தையலிலும் இரண்டு இறகு உள்ளே போய் மாட்டிக்கொள்ளும்.

12. நிறுத்துவதும் கோதுவதும்

கொம்பில் துளை போட்டுக் காலை இறக்குங்கள். உடலின் நடுவிலிருந்து நேராகக் கீழே ஒரு கோடு போட்டால் அது விரல்களின் மேல் விழ வேண்டும். விழாவிட்டால் கணுக்காலில் மடித்துச் சரிசெய்யுங்கள். எப்படி நிற்கவைப்பது என்று தெரியாவிட்டால் வெளியே புல்வெளியில் பத்து நிமிடம் உட்காருங்கள், மைனாவே வந்து காட்டும். டர்பன் சிட்டி ஹாலில் உள்ள இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்ப் பழைய கைகள் செய்து வைத்திருப்பதையும் பாருங்கள்.

இறக்கையை மடித்து ஊசி குத்துங்கள். நெஞ்சின் பக்கவாட்டு இறகு இறக்கையின் விளிம்பை மூட வேண்டும். இறக்கை அந்த இறகுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால், பொம்மைக்கு ஒட்டவைத்தது மாதிரித் தெரியும். பிறகு ட்வீசரால் இறகு இறகாக அதன் இடத்தில் படுக்கவையுங்கள். வாலை இரண்டு அட்டைத் துண்டுகளுக்கு நடுவே பிடித்துவைத்து, அலகை நூலால் கட்டி, ஊசிமுனையால் இமையைக் கண்ணைச் சுற்றி வட்டமாக்குங்கள். உடலைச் சுற்றி மெல்லிய நூலை லேசாக ஓட்டினால் இறகு எழும்பாது. இறுக்கிச் சுற்றினால் காய்ந்த பிறகு பள்ளம் தெரியும்.

இப்போது அந்த உடலை எடுத்துத் தோட்டத்தில் ஆழமாகப் புதைத்துவிடலாம்.

13. காயவைப்பது

மைனாவுக்கு இரண்டு வாரம், கினிக்கோழிக்கு ஒரு மாதமோ அதற்கு மேலோ. டர்பன் கோடையில், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, காற்றில் இருக்கும் ஈரத்துக்கு இந்தக் கணக்கு நிற்காது, பூஞ்சையும் பிடிக்கும். நான் ஜூன், ஜூலை, ஆகஸ்டில்தான் செய்கிறேன். நிழலில், மின்விசிறிக் காற்று லேசாகப் படும்படி வையுங்கள்.

முதல் மூன்று நாளும் காலையும் மாலையும் போய்ப் பாருங்கள். தோல் சுருங்கும்போது இமை விலகும், விரல் தூக்கும், ஒரு இறகு எழும்பும். அப்போது ஈரம் இருப்பதால் சரிசெய்யலாம். நான்காம் நாள் போனால் முடியாது.

14. நிறமும் பராமரிப்பும்

முழுதாகக் காய்ந்ததும் நூலையும் ஊசிகளையும் எடுங்கள். முன்பு எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அலகு, கால், கண்ணருகே உள்ள தோல் மூன்றுக்கும் மஞ்சள் பூசுங்கள். நீர்த்த வண்ணமாக, இரண்டு மூன்று முறை. ஒரே முறையில் கெட்டியாகப் பூசினால் காலின் செதில் வரிகள் மூடிப்போய் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். மைனாவின் மஞ்சள் கடையில் விற்கும் எலுமிச்சை மஞ்சள் அல்ல, துளி ஆரஞ்சு கலக்க வேண்டும்.

வெயில் படாத இடத்தில், முடிந்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள். தூசியை மெல்லிய பிரஷால், இறகு படுத்த திசையிலேயே தட்டுங்கள். கொம்பின் அடியில் மாவு போலத் தூளோ, சின்னப் புழுவின் உதிர்ந்த தோலோ தெரிந்தால் வண்டு வந்துவிட்டது. பறவையை அப்படியே பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்ததும் பையை உடனே திறக்காதீர்கள். வெளியே உள்ள சூட்டுக்கு வரும் வரை ஒரு நாள் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் இறகின் மேல் படிந்துவிடும்.